பரவாயில்லை, எழுபத்தொரு சதவீதம்

நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குக் கிருத்திகா அக்கா கோயம்புத்தூர் அலுவலகத்தில் "பரவாயில்லைங்க" என்று பதில் சொன்ன அதே முற்பகலில், அதே கிருத்திகா அக்கா சோமனூரில் தன்னுடைய எட்டு விசைத்தறிகளில் நான்கை எடைக்குப் போட ஆள் பேசிக்கொண்டிருந்தார்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் பதில் சொன்னது அக்காவின் ரெட்டை.

முன்பெல்லாம் கருத்துக்கணிப்பு என்றால் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். "நாளைக்கே தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தவர்களில் பாதிப் பேர் "எல்லாரும் ஒண்ணுதான் போ" என்று சாத்திவிடுவார்கள். மக்கள்மானி என்ற நிறுவனம் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியது. வட்டாரத்துக்குச் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஆறு மாதம் பேச்சுக் கொடுப்பது. விலைவாசி, பிரதமர், மழை, மருமகள், எதுவானாலும் சரி. அந்தப் பேச்சையெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டினால், அந்த மனிதர் எந்தக் கேள்விக்கு என்ன சொல்வாரோ அதையே, அதே இழுவையோடு சொல்லும் நகல் ஒன்று தயாராகிவிடும். பிறகு அசல் ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நகலை நாளுக்குப் பத்துத் தரம் கேட்கலாம், அதற்குக் கோபம் வராது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் மூன்று வரிக்கு நீளும். சனங்கள் வைத்த பெயர் ரெட்டை.

கட்சிகள் ரெட்டையைக் கண்டு சொக்கிப் போயின. ஒரு ரெட்டை பல ஆயிரம் பேருக்குச் சமம் என்று கணக்கு. பெட்ரோல் விலையை ஏற்றலாமா, கேள் ரெட்டையை. கட்சிக்கு யாரைத் தலைவராக்கலாம், கேள் ரெட்டையை. தேர்தல் என்று ஒன்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கத்தான் செய்தது. ஆனால் அதுவரைக்கும் மனிதர்களைக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. இருந்தாலும் கதையைச் சொல்கிறேன்.

தறி வட்டாரத்து ரெட்டைகள் அத்தனையையும் செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். நாற்பது வீட்டுக்கும் போய்ப் பேசிப் பழகிப் பதிவு செய்தவள் மகிழினி. அந்தப் பதிவுகளை வைத்து இயந்திரத்தில் ரெட்டைகளை உருவாக்கியவன் தரணிஷ். நல்ல பையன், கெட்டிக்காரன். ஒரே குறை, அவன் செய்த பொருளின் மேல் அவனுக்கே கண்மூடித்தனமான நம்பிக்கை. கல்யாணமான புதிதில் சோதனைக்காக முதன்முதலில் அவன் செய்த ரெட்டை, தன் மனைவியுடையதுதான். அது இன்னமும் அவன் கைபேசியில் இருந்தது.

ரெட்டை தயாரான பிறகு அசல் ஆளைப் போய்ப் பார்க்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. பார்த்துப் பேசினால் ஆளின் கருத்து மாறிவிடுமாம், நகலுக்கும் அசலுக்கும் இடைவெளி விழுந்துவிடுமாம். மகிழினி இரண்டு வருடமாக அந்த விதியை மீறவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகச் சோமனூர் போனவள், மண்டபத்திலிருந்து திரும்பும்போது கிருத்திகா அக்கா இருக்கும் வீதி வழியாக நடந்தாள். வீதி அமைதியாக இருந்தது. தறி ஓடும் வீதியில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அங்கே காக்காய் கத்துவது கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. விதியை மறந்து உள்ளே போனாள்.

கிருத்திகா என்ற பெயரைப் பார்த்து இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் பிறந்த காலத்தில் ஊருக்கு நாலு கிருத்திகா. வாசலில் ஒரு லாரி நின்றது. கழற்றிப் போட்ட தறிகளை நாலு பேர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் தினேஷ்குமார், மகிழினி அண்ணன் என்று கூப்பிடுபவர், திரும்பி நின்றபடி மூக்கைச் சிந்தினார்.

"வா கண்ணு! எத்தன நாளாச்சு! ஏன் இப்படி எளச்சுப் போயிட்டே?" என்று அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்னக்கா இது? தறிய விக்கறீங்களா?"

"அட, எடம் அடைச்சுட்டு இருந்துச்சு கண்ணு. மீதி நாலு இருக்குதில்ல? பரவாயில்ல, ஓட்டிக்கலாம். நீ உக்காரு, மோரு கொண்டாரேன்."

மகிழினி மோரைக் குடித்தாள். மீதி நாலு தறி ஓடுவதே அரசாங்கம் தரும் மின் சலுகையால்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சலுகையை நிறுத்தும் கோப்பு மின்துறை அமைச்சரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பதும் தெரியும். நிறுத்தலாம் என்று அமைச்சருக்குத் தைரியம் கொடுத்தது மக்கள்மானியின் அறிக்கை. தறி வட்டாரத்தில் தங்கள் நிலைமை பரவாயில்லை என்று சொன்னவர்கள் எழுபத்தொரு சதவீதம்.

மறுநாள் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் அவள் விஷயத்தைச் சொன்னாள். தரணிஷ் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ரெட்டை பொய் சொல்லாது மகி."

"அக்கா தறிய எடைக்குப் போடறத நானே பாத்தேங்க."

"சரி, நீ கேட்டப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லைன்னாங்க."

"பாத்தியா? ரெட்டையும் அதத்தானே சொல்லுது! அச்சு அசல்!" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, அடுத்த இட்லியைப் பிய்த்தவன் அப்படியே நிறுத்தினான். கெட்டிக்காரன் என்று சொன்னேனே. அசல் ஆள் மறைத்தால் நகலும் மறைக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று பகல் முழுவதும் அவன் நாற்பது ரெட்டைகளையும் குடைந்து பார்த்தான். குரலை மாற்றிக் கேட்டான், ஆணாகக் கேட்டான், அதிகாரியாகக் கேட்டான். பதில் மாறவில்லை. மாலையில் மகிழினியை அழைத்து உட்கார வைத்தான்.

"ஆறு மாசமும் அவங்ககிட்ட கேட்டது நீ ஒருத்திதான். அதனால, கேக்கறவங்கன்னா யாருன்னு கேட்டா, ரெட்டைக்கு நீ ஒருத்திதான் தெரியும். யாரு கேட்டாலும் அது உனக்குத்தான் பதில் சொல்லுது. உங்கிட்ட அவங்க ஏன் எல்லாம் நல்லாருக்குன்னே சொன்னாங்க?"

மகிழினி யோசித்தாள். முதல் மாதம் அவள் வெயிலில் ஸ்கூட்டரில் அலைந்து, சாப்பிடாமல் கொள்ளாமல் வீடு வீடாகப் போனாள். ஒருநாள் கிருத்திகா அக்கா வீட்டு வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அக்கா தண்ணீர் தெளித்து, சோறு போட்டு, "நாங்க சொல்றது நல்லா இல்லீன்னா உன்ற கம்பெனியில உன்னயத் திட்டுவாங்களா கண்ணு?" என்று கேட்டார். மகிழினி சிரித்துக்கொண்டே, "நல்லதாச் சொன்னாத் திட்ட மாட்டாங்கக்கா" என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். அது நாற்பது வீட்டுக்கும் பரவிவிட்டது. அந்தப் புள்ளைக்கு ஏச்சு வாங்கித் தரக் கூடாது. ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வீடு தேடி வந்த பெண்ணின் மனசு நோகக் கூடாது. அந்த ஊர் மரியாதை அது. அதன் பிறகு பஞ்சு விலை ஏறினாலும் பரவாயில்லை, நூல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

"அப்ப, கட்சித் தலைவரா யாரு வரணும்கற கேள்விக்கு எல்லாரும் கோகுலகிருஷ்ணன்னு சொன்னாங்களே, அது?" என்று தரணிஷ் மெதுவாகக் கேட்டான்.

மகிழினி முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்கு உடுமலைதான் சொந்த ஊருன்னு சொன்னேங்க. அவருக்கும் உடுமலைதானே."

மின்துறை அமைச்சர் கோகுலகிருஷ்ணன் அடுத்த கட்சித் தலைவராக வரப்போகிறவர் என்று டில்லி வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்கு அடிப்படை தறி வட்டாரத்தின் அமோக ஆதரவு. அமோக ஆதரவுக்கு அடிப்படை மகிழினியின் பிறந்த வீடு. இதைக் கேட்டு நான் சிரித்தேன், நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பொய்க் கணக்கை நம்பி யாரும் திரும்பிப் பார்க்காததில் நாலு தறி போய்விட்டது, இன்னும் நாலு போக இருந்தது.

நிறுவனத்தின் தலைமையிடம் சொன்னபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை. புதிதாகப் பேச்சுப் பதிவு செய்து ரெட்டைகளைத் திருத்துங்கள், கோப்பில் கையெழுத்தாவதற்குள் முடித்துவிடுங்கள் என்று ஒரு வாரம் கொடுத்தார்கள்.

மகிழினி நேராகச் சோமனூர் போனாள். "அக்கா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. கஷ்டம்தானே?"

"கஷ்டம் ஆருக்குத்தான் இல்ல கண்ணு? பரவாயில்ல, நீ வெசனப்படாதே. சாப்புட்டியா?"

அவளால் ஆகாது என்று தெரிந்ததும் தரணிஷ் தானே போவதென்று முடிவு செய்தான். அவனை அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை, முகதாட்சண்யம் பார்க்க மாட்டார்கள் என்பது அவன் எண்ணம். என்ஜினியர் மூளை அதற்கு மேல் போகவில்லை. மகிழினி கூட வந்ததுதான் தாமதம், "அட, நம்ம மகியோட மாப்ளைங்களா!" என்று தினேஷ்குமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாற்காலி துடைத்துப் போடப்பட்டது. கோழி அடிக்கப்பட்டது. மாப்பிள்ளையிடம் போய் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதா? பொருளாதாரம் இதுவரைக்கும் இருந்ததிலேயே மிகச் சிறப்பாக இருப்பதாகத் தெரியவந்தது.

சாப்பாட்டு நேரத்தில்தான் காரியம் திரும்பியது. அக்கா குழம்புச் சட்டியோடு வந்து, "ஏனுங் மாப்ள, மகிக்கு ஈரல் புடிக்குமுங்களா? வெச்சுட்டு அவ ஒதுக்கிப் போட்டா வீணாயிரும்" என்று கேட்டார்.

தரணிஷ் சட்டென்று கைபேசியை எடுத்து, மகிழினியின் ரெட்டையிடம் கேட்டான். "உங்களுக்கு எது வசதியோ அதே எனக்கும்" என்று மகிழினியின் குரலில் பதில் வந்தது. மகிழினி அவனுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா சட்டியோடு நின்றுவிட்டார். "என்னங் மாப்ள, பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளைய உட்டுப்போட்டுப் போனக் கேக்கறீங்க?"

"அவளத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னுதாங்க" என்று தரணிஷ் ஒன்றும் புரியாமல் சொன்னான். அவன் அதை அன்பு என்று நினைத்துத்தான் செய்தான் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

மகிழினி இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். அக்கா பின்னாலேயே போனார். சமையலறையில் இருவரும் பேசியது கூடத்துக்குக் கேட்டது. மகிழினியின் இடுப்பில் பதிவுக் கருவி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னாச்சு அம்மிணி? கண்ணக் கசக்காம சொல்லு."

"எங்கிட்ட யாரும் எதயும் கேக்கறதே இல்லீங்கக்கா. எந்தப் படத்துக்குப் போறது, என்ன சமைக்கறது, எல்லாம் அதத்தான் கேப்பாரு. அது கல்யாணமான புதுசுல இருந்த நானுங்க. அவரு மனசு நோகக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு இருந்தேன். அது இன்னமும் சரின்னுதான் சொல்லுது. போன மாசம் டில்லி ஆபீசுல பெரிய வேலை வந்திருக்கு, போலாமான்னு அதக் கேட்டிருக்காரு. அது சரின்னுருச்சு. ஒத்துக்கிட்டு வந்து, ‘உனக்குச் சம்மதந்தானே மகி'ன்னு சிரிச்சுட்டே கேக்கறாரு. நான் என்ன பண்றது? எனக்கு டில்லி வேண்டாங்கக்கா. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு."

கூடத்தில் தரணிஷ் பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தான். தினேஷ்குமார் அவன் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார்.

சமையலறையில் அக்கா குழம்புச் சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பிறகு அக்காவின் குரல் கேட்டது, இதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"உனக்கு மட்டுமா கண்ணு? என்றதக் கேளு, என்ற கஷ்டத்தயும் கேளு. எட்டுத் தறி வெச்சிருந்த ஊட்டுல நாலு போயிருச்சு. லாரி போனப்பறம் உங்கண்ணன் தறிக்கொட்டாயில போயி வெறுந்தரையில படுத்துக்கிட்டாரு. நானு நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். கரண்டுச் சலுகையும் போயிருச்சுன்னா மீதி நாலும் அடுத்த லாரியில போயிரும். அப்பறம் இந்த வயசுல நானு பனியன் கம்பெனிக்கு நூலுப் பிசிரு வெட்டப் போகோணும். அதுக்கு வெக்கமில்ல கண்ணு, ஆனா உங்கண்ணன் தாங்க மாட்டாரு. இந்த அரசாங்கத்துல ஆருக்காவது எங்க ஞாபகம் இருக்குதா சொல்லு. அந்தக் கோகுலகிருஷ்ணன் ஓட்டுக் கேக்க வந்தவரு, அதுக்கப்பறம் இந்தப் பக்கம் தலவெச்சும் படுக்கல."

மகிழினி அழுகையை நிறுத்தினாள். ஆறு மாதம் கேட்டும் வராத பதில், ஒரு கேள்வியும் கேட்காமல் வந்திருந்தது. இந்த ஊரில் கஷ்டத்தைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். உன் கஷ்டத்தை நீ சொன்னால், உன்னைத் தேற்றுவதற்காகத் தங்கள் கஷ்டத்தை எடுத்து உன் முன்னால் வைப்பார்கள்.

"அக்கா, நீங்க சொன்னது பதிவாயிருச்சுங்க. ரெட்டைக்குச் சேத்தட்டுமா?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு ஒதவும்னா சேத்திக்க கண்ணு" என்றார் அக்கா. அதையும் மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ.

மறுநாளிலிருந்து மகிழினி மற்ற வீடுகளுக்குப் போனாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. டில்லியைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் அவளைத் தேற்றினார்கள், தேற்றத் தேற்ற உண்மை கொட்டியது. வார முடிவில் திருத்திய ரெட்டைகள் தயாராகின. நிலைமை பரவாயில்லை என்றவர்கள் பதினெட்டு சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் தலைவராக வேண்டும் என்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

புது அறிக்கை போன மறுநாளே அமைச்சர் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு நேரில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியவாறே உள்ளே வந்தவர், உட்காரக்கூட இல்லை.

"போன வாரம் நல்லாருக்குன்னீங்க, இந்த வாரம் நாசமாப் போச்சுங்கறீங்க. ஏழு நாள்ல ஒரு வட்டாரமே அழிஞ்சு போகுமா? எவன்கிட்ட காசு வாங்குனீங்க?"

தரணிஷ் அவரைக் கிருத்திகா அக்காவின் ரெட்டைக்கு முன்னால் உட்கார வைத்தான். "நீங்களே கேட்டுப் பாருங்க ஐயா."

"தறித்தொழில் எப்படி இருக்கு?" என்று அமைச்சர் அதட்டலாகக் கேட்டார்.

"அது கெடக்கட்டுங்க. நீங்க எப்படி இருக்கீங்க? குரலு ஏன் ஒரு மாதிரி இருக்குதுங்க?" என்றது ரெட்டை. அதன் பிறகு பேசாமல் காத்திருந்தது.

"என்ன இது? நான் கேட்டா அது என்னயக் கேக்குது!"

"புதுசாச் செஞ்சதுல இருந்து அப்படித்தாங்க ஐயா. கேக்கறவங்க மொதல்ல தங்களோடதச் சொல்லோணும். அப்பத்தான் அது தன்னோடதச் சொல்லும்."

"நான் ஒரு மெஷின்கிட்ட என் கஷ்டத்தச் சொல்லணுமா? நீ சொல்லிக் காட்டு பாக்கலாம்."

தரணிஷ் தயங்கினான். அறையில் அமைச்சர், அவருடைய உதவியாளர், கதவோரம் மகிழினி. அவன் ரெட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, வாயைத் திறந்தான்.

"அக்கா, எனக்கு டில்லிக்குப் போக இஷ்டமே இல்லைங்க. வேண்டாம்னு சொன்னா வேலைக்குப் பயந்தவன்னு சொல்லிருவாங்க. மகி வேண்டாம்பான்னு நம்பி, அவ ரெட்டையக் கேட்டேன். அது சரின்னுருச்சு. அப்பறம் அவளுக்கு அங்க போக ஆசைன்னு நெனச்சு ஒத்துக்கிட்டேன். அவ எங்கிட்ட வேண்டாம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கோயில்ல தேங்கா ஒடச்சிருப்பேங்க."

கதவோரம் மகிழினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உதவியாளருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், இரண்டும்தான்.

"உங்களுக்கு மட்டுமாங் மாப்ள? என்றதக் கேளுங்க" என்று ரெட்டை ஆரம்பித்தது. எட்டுத் தறி, லாரி, கொட்டகையின் வெறுந்தரை, மின் சலுகை, தலைவைத்தும் படுக்காத கோகுலகிருஷ்ணன் என்று ஒன்றையும் விடவில்லை. அமைச்சரின் காது சிவந்தது.

அவர் எழுந்தார். "நல்லாத்தான் நடிக்க வெச்சிருக்கீங்க. போன வாரம் இதே மெஷின் இதே குரல்ல என்னயத் தலைவரே தலைவரேன்னுச்சு. நான் எதத்தான் நம்பறது? அந்தம்மாவ நேர்ல பாத்துக் கேக்கறேன். அவங்க வாயால கஷ்டம்னு சொல்லட்டும், அந்தக் கோப்ப அங்கயே கிழிச்சுப் போடறேன். பரவாயில்லைன்னு சொல்லட்டும், அங்கயே கையெழுத்துப் போடறேன். வண்டிய எடு."

மகிழினி ஓடிப்போய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மந்திரி உங்க ஊட்டுக்கு வாராருங்க."

"ஐயோ, மந்திரிங்களா! சோறு ஆக்கோணுமே! அவரு கறி திம்பாருங்களா?"

"அக்கா, அதில்லீங்க. அவரு எப்படி இருக்கீங்கன்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சேரி கண்ணு, சேரி. நீ வெசனப்படாதே, நா பாத்துக்கறேன்" என்று அக்கா சொன்னார். அந்தக் குரலில் இருந்த பரபரப்பைக் கேட்டதும் மகிழினிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

சோமனூர் போய்ச் சேரும் வரைக்கும் அவளும் தரணிஷும் அமைச்சர் வண்டியின் பின் இருக்கையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். "டில்லி வேண்டாம்னு எங்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?" என்று அவள் கிசுகிசுத்தாள். "நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்று அவனும் கிசுகிசுத்தான். அவள் அவன் கையில் ஒரு கிள்ளு கிள்ளி, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கைபேசியை எடுத்து, அவளுடைய ரெட்டையை அவள் கண்ணெதிரே அழித்தான். அழிக்கட்டுமா என்று அவளையே கேட்டுவிட்டுத்தான் அழித்தான்.

அக்காவின் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. தினேஷ்குமார் வெள்ளை வேட்டியில் கைகட்டி நின்றார். உள்ளே நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால், எல்லாரும் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது. அமைச்சருக்குப் பெரிய நாற்காலி. டம்ளரில் இளநீர். அக்கா புதுச் சேலையில், முகம் கொள்ளாத சிரிப்போடு நின்றார்.

அமைச்சர் இளநீரை வாங்கினார். கோப்பு உதவியாளர் கையில் இருந்தது.

"தொழில் எப்படிம்மா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

மகிழினி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவும் ஒரு நொடி மகிழினியைப் பார்த்தார். சொல்ல நினைத்த வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர் ஒறம்பரை. அவர் கையில் இருந்த டம்ளரில் இன்னும் பாதி இளநீர் இருந்தது.

"உங்க புண்ணியத்துல பரவாயில்லீங்க ஐயா" என்றார் அக்கா.

தினேஷ்குமார் தரையைப் பார்த்தார். உதவியாளர் கோப்பைத் திறந்து பேனாவை நீட்டினார். மகிழினி கண்ணை மூடிக்கொண்டாள்.

அமைச்சர் பேனாவை வாங்கவில்லை. அக்காவின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. கட்சி அலுவலகத்தில் அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் எல்லா முகத்திலும் அதுதான் இருக்கும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் தலைவரா வர்றத யாரும் விரும்பலீங்கம்மா" என்றார்.

தறிச் சத்தத்தில் அக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"என்னய யாருக்கும் புடிக்கலீங்கம்மா. எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. இருவது வருசமா எதக் கேட்டாலும் ஆமாங்க ஆமாங்கன்னே சொன்னாங்க. கட்சிக்காரன், அதிகாரி, என்ற சம்சாரங்கூட. நானும் நெசம்னு நம்பிட்டேன். நேத்து ராத்திரி யாருக்குப் போன் பண்ணி இதச் சொல்றதுன்னு யோசிச்சேன். ஒரு பேருகூட ஞாபகத்துக்கு வரலீங்கம்மா."

சொல்லி முடித்தபோது அவர் அமைச்சராக இல்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்த, வயசான ஒரு மனிதராக இருந்தார்.

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. புதுச் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் நாலு தறியையும் நிறுத்தினார். வீடு முழுவதும் அமைதியானது. ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அமைச்சருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு மட்டுமா சாமி?" என்றார் அக்கா. "என்றதக் கேளுங்க."